மூன்றாவது மூச்சு

சென்ற மாதம் என் பழைய சக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சுக்கு நடுவே மூன்று முறை இருமினார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். ஒன்றரை மாதம் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு அந்தக் காலத்துல வந்துச்சே சார், ஈஸ்னோபீலியா. அதேதான் இதுவும். தானா போயிடும்" என்றார்.

எனக்கு ஈஸ்னோபீலியா வந்ததே இல்லை. அப்படி ஒரு செய்தியைத் தொழிற்சாலையில் பரப்பியவன் நான். எனக்கு வந்தது காசநோய். நண்பரிடம் அதை அப்போதே சொல்லி, மறுநாள் காலையில் மருத்துவரைப் பார்க்க அனுப்பிவைத்தேன். ஆனால் அன்று நான் சொன்ன பொய்யை நம்பி இன்னும் எத்தனை பேர் இருமிக்கொண்டிருக்கிறார்களோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றி உயர்வாக எண்ணியிருப்பவர்கள் இதைப் படித்து வருந்த நேரலாம். அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் தர ஆய்வுப் பிரிவின் தலைவனாக இருந்தேன். இயற்பியலில் பட்டம் பெற்றவன். எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. நான் வேட்டி மடித்துக் கட்டி எவரும் பார்த்ததில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று தேநீர் குடித்தும் பார்த்ததில்லை. எனக்குக் கீழே பதினொரு பேர் ஒரே அறையில் வேலை செய்தார்கள். புதிதாகச் சேர்பவர் எவராயினும் முதல் நாளன்று அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆயிரம் உருப்படிகள் உள்ள பெட்டியில் எல்லாவற்றையும் அளக்க முடியாது. ஐம்பதை எடுத்து அளக்கிறோம். அந்த ஐம்பதையும் கைக்கு எட்டும் மேலடுக்கிலிருந்தே எடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பயனில்லை. பெட்டியின் அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். மாதிரி தவறானால் முடிவு தவறு. இதை வீட்டிலும் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். சாம்பாரில் உப்புப் பார்க்கும்போதுகூடச் சொன்னதாக என் மனைவி லில்லி குறைப்பட்டுக்கொள்வதுண்டு.

இருமல் தை மாதத்தில் தொடங்கியது. பனி என்றேன். பனிக்காலம் போனபின் தூசி என்றேன். மாலையானால் மெல்லிய காய்ச்சல் வந்தது. சட்டைக் கழுத்துக்கும் என் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் விழுந்தது. வீட்டுக்கு அருகிலிருந்த மருத்துவர் மூடியுள்ள சிறிய டப்பாக்கள் மூன்றைக் கொடுத்து, மூன்று நாள் காலையில் சளியைச் சேகரித்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார். எப்படிச் சேகரிப்பது என்று அவர் சொல்லவில்லை. படித்தவரிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். கேட்பது என் தகுதிக்குக் குறைவு என்று நானும் நினைத்தேன்.

அந்த மூன்று காலைகளிலும் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் பல் துலக்கினேன். உப்புநீரால் நன்றாகக் கொப்பளித்தேன். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். காறித் துப்புவது எங்கள் வீட்டில் எவரும் செய்யாத காரியம். பிள்ளைகள் காதில் அந்த ஓசை விழக்கூடாது என்பதற்காகக் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு வாயில் ஊறியதை டப்பாவில் விட்டு, மூடி, வெள்ளைத் தாளில் சுற்றி, என் பெயரைப் பட்டத்துடன் எழுதினேன். அறிக்கை வந்தது: கிருமி எதுவும் காணப்படவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் அணுவின் எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருந்ததால், ஈஸ்னோபீலியாவாக இருக்கலாம் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒவ்வாமையாலும் தூசியாலும் வருவது, யாருக்கும் தொற்றாது, பெயரும் நாகரிகமாக இருந்தது. அந்தப் பெயரை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். பதினொரு பேருக்கும் சொன்னேன். சபைக் கமிட்டிக்கும் சொன்னேன்.

சித்திரை நடுவில் ஒருநாள், ஆய்வு அறையில் இருமியபோது கைக்குட்டையில் இரத்தம் வந்தது. அரை ரூபாய் நாணயமளவு. கைக்குட்டையை மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்து, மாலை வீட்டில் துவைக்கும் துணிகளுக்கு அடியில் செருகினேன். மறுநாள் லில்லி அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "வெத்தலக் கறைன்னு சொல்லிடாதீங்க. நீங்க வெத்தலை போடமாட்டீங்க" என்றாள். அந்த வாரமே வேறு மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பூந்தமல்லியைத் தாண்டி, நசரத்பேட்டைப் பக்கம், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிறிய மிஷன் மருத்துவமனை இருந்தது. அம்பத்தூரில் நல்ல மருத்துவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அங்கே காத்திருப்போர் வரிசையில் என்னைத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். நசரத்பேட்டையில் என்னை யாருக்கும் தெரியாது. அந்த மருத்துவமனையை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை. சிகிச்சைச் செலவை நிறுவனத்திலிருந்து திரும்பப் பெறும் உரிமை எனக்கு இருந்தது. விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுத வேண்டும் என்பதால் கடைசிவரை நான் விண்ணப்பிக்கவேயில்லை. லில்லி ஆசிரியை, விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தாள், காரணம் சொல்லாமல் விடுப்பு எடுக்க முடியாது. மூத்த மகள் ஹெப்சிபாவுக்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறை. ஆகவே என்னோடு அவள் வந்தாள். ஆவடி வழியாகப் பேருந்து. சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு என்ன என்று அவள் கேட்கவேயில்லை. கேட்காதே என்று லில்லி சொல்லியிருந்தாள்.

மருத்துவர் என் வயதை ஒத்த ஓர் அம்மையார். மார்பு எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஆரோக்கியமான நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் படத்தில் அது கறுப்பாகத் தெரியும். என் வலது மேற்பகுதியில் பஞ்சு படர்ந்ததுபோல் வெள்ளை. அதன் நடுவே ஒரு வட்டம். நோய் அரித்து உண்டாக்கிய பள்ளம் அது என்று விளக்கினார். நான் முன்பு பெற்ற அறிக்கையை எடுத்து நீட்டினேன். கிருமி இல்லை என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்து, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு தடவை சளி குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பரிசோதனைக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வரிசை. டப்பாக்களைக் கொடுப்பதும் வாங்குவதும் கன்னியம்மா என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் செருகிய நீல முந்தானை. நான் டப்பாவை வாங்கிக்கொண்டு கட்டடத்தின் பின்புறம் சென்று, என் வழக்கப்படி நடந்துகொண்டு, மூடிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னா சார் இது?"

சளி என்றேன்.

"இது எச்சி. வாய்ல ஊர்றது. குழந்தைங்க ஒழுக்குமே, அது. எனக்கு நெஞ்சுக்குள்ளாற கீறது வோணும்."

வரிசையில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் சிரித்தார். நான் படித்தவன் என்றும், இதே பரிசோதனையை மூன்று முறை செய்தவன் என்றும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று தெரிந்தே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"மேலாப்புல கீறத்த குட்த்துட்ட சார். அடியில கீறது வரணும். இப்டி நில்லு. கைய இடுப்புல வெச்சுக்கோ. மூச்ச நல்லா இஸ்து வுடு. ஒண்ணு. இன்னொரு தபா. மூணாவது தபா இஸ்து, உள்ளார புடி. இப்போ அடிவவுத்துலேர்ந்து இருமு. வெக்கப்பட்டுகினு இருந்தா நோவு ஊட்ட வுட்டுப் பூடுமா?"

நான் அசையாமல் நின்றேன். ஹெப்சிபா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கன்னியம்மா சொன்னபடியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளும் மூச்சை இழுத்தாள். என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில், "மேலடுக்கிலேருந்து எடுத்தா செல்லாதுப்பா" என்றாள்.

என் வாசகத்தை என்னிடமே சொல்கிறாள் என்பது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்தவுடன் உடம்பெல்லாம் சுட்டது. ஒரு தொழிலாளி இப்படி ஒரு மாதிரியைக் கொண்டுவந்திருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். நான் மகளோடு சேர்ந்து மூச்சு இழுத்தேன். மூன்றாவது மூச்சில், பதினைந்து பேர் பார்த்திருக்க, வாழ்நாளில் எழுப்பியிராத ஓசையோடு இருமினேன். கன்னியம்மா டப்பாவை எட்டிப் பார்த்து, "ஆங், இது சளி" என்று வாங்கிக்கொண்டாள். என் தேர்வுகளில் எதிலும் அவ்வளவு சுருக்கமாக எவரும் என்னைப் பாராட்டியதில்லை.

மறுநாள் முடிவு வந்தது. தாளில் மூன்று கூட்டல் குறிகள். குறிகள் கூடக்கூடக் கிருமிகள் அதிகம் என்பது பொருள். மூன்றுக்கு மேல் குறி கிடையாது. அன்றே என்னை அங்கே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் அமைதியான இளைஞர். கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹெப்சிபாவை உள்ளே அழைத்து நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார். என்னையும் கூப்பிட்டார். நான் மறுத்துவிட்டேன். அவள் திரும்பி வந்து என் கட்டிலருகே நின்றாள். முகத்தில் அச்சத்தைத்தான் எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது அச்சமில்லை.

"நீலத் தரையில சிவப்புக் குச்சி குச்சியா இருக்குப்பா. ரெண்டு ரெண்டா சேர்ந்து, சில இடத்துல கூட்டமா. சும்மா படுத்திருக்கு. அழகா இருக்குப்பா."

என்னைத் தின்றுகொண்டிருப்பதை அழகு என்கிறாளே என்று கடிந்துகொண்டேன். அவள் தலை குனிந்தாள். ஆனால் அன்று பிற்பகல் என் உணவுக் கூடையைச் சுற்றியிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் அவள் பென்சிலால் அந்தக் குச்சிகளை வரைந்திருந்ததைப் பார்த்தேன்.

மூன்று வாரங்கள் அங்கே இருந்தேன். மார்பு வார்டு தனிக் கட்டடம், எட்டுக் கட்டில்கள், எல்லாச் சன்னல்களும் எப்போதும் திறந்திருக்கும், ஏனெனில் காற்றோட்டம் இருந்தால் தொற்று குறையும். காலையில் வெறும் வயிற்றில் நான்கு வகை மாத்திரைகள். அவற்றில் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கிவிடும். அதை மருத்துவர் சொன்னபோது நான் கவனிக்கவில்லை. முதல் நாள் கழிவறையில் உயிரே போய்விட்டது என்று நினைத்தேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம், அடுத்த கட்டில்காரர் முனுசாமி, "செவப்பா பூச்சா சார்? மாத்தரை வேலை செய்துன்னு அர்த்தம். நான் மொத நாளு எங்க ஊட்டாண்ட சொல்லி அழுதுட்டேன்" என்றார். அவர் அம்பத்தூரை அடுத்த பாடியில் லாரி ஓட்டுபவர். வெளியே என்றால் அவருடன் நான் இரண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அங்கே இரண்டாம் வாரத்தில், அவர் வீட்டிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

லில்லி சனிக்கிழமைகளில் வந்தாள். வேகவைத்த முட்டைகளைத் துணியில் சுற்றி, சூடு குறையாமல் தவிட்டுக்குள் புதைத்துக் கொண்டுவருவாள். சபையில் எல்லாரும் விசாரிக்கிறார்கள், ஈஸ்னோபீலியா என்றே சொல்கிறேன் என்பாள். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகளில் அவளை நான் பொய் சொல்ல வைத்தது அதுவே முதல் முறை.

ஹெப்சிபா தினமும் மதியச் சாப்பாட்டோடு வருவாள். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் சன்னல் வழியே பார்த்தேன். வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முனுசாமி இரண்டாவது பரிசோதனைக்காக வரிசையில் இருந்தார்.

"இன்னா பாப்பா, துப்பறதுக்குக்கூட டியூசனா? பீஸு எவ்ளோ?"

"பீஸெல்லாம் வேணாம் அண்ணா. ஒழுங்கா துப்புங்க, போதும்."

"ஊட்ல துப்புனா பொண்டாட்டி அடிக்க வரா. இங்க துப்பலன்னா நீ அடிக்க வர. நான் எங்கதான் போறது?"

வரிசை முழுவதும் சிரித்தது. கன்னியம்மா தன் முக்காலியில் உட்கார்ந்து டப்பாக்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். தன் வேலையில் பாதியைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைத்த நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. நான் மகளை உள்ளே அழைத்தேன். நெடுஞ்சாலையில் பேருந்திலிருந்து இறங்குபவர்களில் எவராவது அவளை அடையாளம் கண்டுகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இனி அங்கே போகக்கூடாது என்றேன்.

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பெண். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்களுக்கு யாராவது முன்னாடியே இதைச் சொல்லியிருந்தா, ரெண்டு மாசம் வீணாப் போயிருக்காதுல்லப்பா? டாக்டர் சொல்லல. லேப்ல சொல்லல. கன்னியம்மா அக்காதான் சொன்னாங்க. அவங்க ஒருத்தங்க எத்தனை பேருக்குச் சொல்வாங்க?"

நான் பதில் சொல்லுமுன் மருத்துவர் வந்துவிட்டார். வந்தது வேறொரு காரியமாக. வீட்டில் உள்ள அனைவருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். இருமும்போதும் பேசும்போதும் காற்றில் பரவும் நோய் இது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவுவது நின்றுவிடும். ஆனால் மருந்து தொடங்குமுன் யார் அருகில் இருந்தார்களோ அவர்களைப் பார்த்தாக வேண்டும். "உங்க பொண்ணும் நேத்து ரெண்டு தடவை இருமினா. நான் கவனிச்சேன்" என்றார்.

சனிக்கிழமை லில்லிக்கும், இளைய மகளுக்கும், ஹெப்சிபாவுக்கும் படம் எடுத்தார்கள். மூன்று படங்களும் ஈரத்தோடு கொடியில் தொங்கின. உலர்ந்தால்தான் சரியாகப் பார்க்க முடியும் என்றார்கள். நான் எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, நடுவில் தொங்கிய ஹெப்சிபாவின் படத்திலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, கதவைத் தாழிட்டு, வாயில் ஊறியதைத் துப்பிய அந்த மூன்று காலைகளும் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. அந்த ஓசை பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு மாதம் அவர்கள் முகத்துக்கு நேரே இருமியது எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை. அன்று அந்தப் பெஞ்சில் நான் ஜெபம் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் என்னால் ஒரு வார்த்தைகூடக் கூட்ட முடியவில்லை.

மூன்று படங்களும் சுத்தமாக இருந்தன. ஹெப்சிபாவின் இருமல் பேருந்துத் தூசி. மருத்துவர் அதைச் சொன்னபோது, அவள் தன் படத்தைக் கையில் வாங்கி, எது விலா, எது இதயம், எது காற்று என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல விரலால் தொட்டுக்கொண்டே போனாள். தன் உடம்பின் உட்புறத்தை அவ்வளவு ஆவலோடு பார்க்கும் ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆய்வு அறையில் உள்ளவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லும்படி மருத்துவர் எனக்கு அறிவுறுத்தினார். நான் சரி என்றேன். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவர்களில் எவருக்கும் நோய் வரவில்லை. அது அவர்களின் நல்லூழ். என் நேர்மைக்கு அதில் பங்கில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் இருமியவர் அந்தப் பதினொருவரில் ஒருவர் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வீடு திரும்பிய பிறகும் பல மாதங்கள் மாத்திரை தொடர்ந்தது. உடம்பு தேறிவிட்டது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நோய் முன்னைவிட வலுவாகத் திரும்பும். நான் ஒருநாளும் தவறவில்லை. ஹெப்சிபா தினமும் நாட்காட்டியில் குறியிட்டாள். ஒரு காலை, மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத விரும்புவதாகச் சொன்னாள். அவளைப் பொறியியலில் சேர்ப்பது என்று நான் முடிவு செய்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் எழுப்பிய தடை படிப்பின் நீளமன்று, கடினமும் அன்று. பார்ப்பவர்களெல்லாம் ஏன் மருத்துவம் என்று கேட்பார்களே, என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்பதன் உட்பொருள் விளங்கிவிட்டது.

"பயாலஜி பிடிக்கும்னு சொல்லிக்கறேன்பா."

அந்த நிபந்தனையின் பேரில் அனுமதித்தேன். பதினாறு வயதில் தனக்கு உண்டான மிகச் சிறந்த எண்ணத்தை மறைத்துவைத்துக்கொள் என்று ஒரு தகப்பன் சொன்னான், அவளும் ஒப்புக்கொண்டாள். அப்போது அது எனக்கு வெற்றியாகப் பட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்ற குடும்பத்தார் காணிக்கையை ஓர் உறையிலிட்டு, அதன்மேல் காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்ததற்காக, வீடு கட்டி முடித்ததற்காக, அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்ததற்காக. ஞாயிறு ஆராதனையில் செயலாளர் எழுந்து நின்று ஒவ்வோர் உறையையும் உரக்கப் படிப்பார். காரணம் தெளிவாக இல்லாத உறைகளை நான் ஏற்பதில்லை. திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குவேன். நான் குணமானபின் வந்த முதல் ஞாயிறன்று என் உறையையும் நானே படித்தேன். அதில் நான் எழுதியிருந்தது: ஒரு விசேஷ நன்மைக்காக. குரல் தடுமாறாமல் படித்தேன். யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஹெப்சிபா நுழைவுத் தேர்வு எழுதினாள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்பத்தூரிலிருந்த எங்கள் உறவினர் அனைவரும் வந்துபோனார்கள். ஏன் மருத்துவம் என்று எல்லாரும் கேட்டார்கள். பயாலஜி பிடிக்கும் என்று எல்லாரிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

இடம் கிடைத்ததை அடுத்து வந்த ஞாயிறு காலை ஆலயத்துக்குப் புறப்படும்போது உறையை எழுதும்படி அவளிடம் கொடுத்தேன். அவள் பெற்ற நன்மை. அவள் கையெழுத்தே இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுதித் திருப்பிக் கொடுத்தாள். முத்து முத்தான எழுத்தில், ஒரு விசேஷ நன்மைக்காக என்று இருந்தது.

கேலியாக எழுதினாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் வைத்த நிபந்தனையை அவள் அப்படியே காப்பாற்றியிருந்தாள். லில்லி சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல் திரும்பி நின்றுகொண்டாள். நான் மேசைக்குப் போய் வேறோர் உறையை எடுத்தேன். எழுதி முடிக்க வெகுநேரமாயிற்று. ஆலயத்துக்கு நாங்கள் தாமதமாகப் போனது அந்த ஒருநாள்தான்.

மற்ற உறைகளைப் படித்து முடித்து, கடைசியாக என்னுடையதை எடுத்தேன். முந்நூறு பேர் அமர்ந்திருந்தார்கள். நான் படித்தது இது:

"சபைச் செயலாளராகிய எனக்குச் சென்ற ஆண்டு வந்த நோய் காசநோய். நான் அறிவித்தது போல் ஈஸ்னோபீலியா அன்று. சளி கொடுக்கும் முறையைக் கேட்டறியக் கூச்சப்பட்டு, தவறான மாதிரி கொடுத்து இரண்டு மாதம் வீணாக்கினேன். நசரத்பேட்டையில் ஒரு சகோதரி அதைக் கற்றுக்கொடுத்ததற்காகவும், அதைப் பார்த்து என் மகள் ஹெப்சிபா மருத்துவம் படிக்க விரும்பியதற்காகவும், அவளுக்கு இடம் கிடைத்ததற்காகவும், ஸ்தோத்திரம்."

முன்வரிசையில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். போதகர் எழுந்து அடுத்த பாட்டை அறிவித்தார். நான் என் இடத்துக்குத் திரும்பியபோது ஹெப்சிபா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

ஆராதனை முடிந்தபின், வழக்கமாக என்னோடு கைகுலுக்கும் சிலர் அன்று வேறு வாசல் வழியே போனார்கள். போகட்டும் என்று நின்றேன். ஆலயத்தின் பக்கவாட்டில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தருகே, ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். எப்போதும் கடைசி வரிசையில் உட்காருபவர். தொழிற்பேட்டையில் வர்ணம் பூசும் வேலை. மெலிந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"சார், எனக்கும் டப்பா குடுத்துகீறாங்க. ஊட்ல மூணு நாளா அப்டியே கீது. எப்டி எடுக்கணும்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீங்க படிச்சப்போதான், சரி கேட்ருவோம்னு வந்தேன்."

ஹெப்சிபா சொல்ல வாயெடுத்தாள். நான் கையமர்த்தினேன். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினேன். கைகளை இடுப்பில் வைத்தேன். ஆலய வளாகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். அவரும் என்னைப் பார்த்து இழுத்தார். இரண்டாவது மூச்சு. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, மூணாவது இன்னும் ஆழமா" என்றாள் டாக்டர் ஹெப்சிபா. கல்லூரி திறக்க அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.